சுடாத துப்பாக்கிக்கு ஒரு கறவை மாடு

அமீர் ஹம்சாவின் கடையில் ஆணி, கீல், கிணற்று உருளை, ஓலைவெடி, காட்டுப்பன்றி விரட்டத் தோட்டா எல்லாம் கிடைக்கும். பாகூர் கடைத்தெருவில் வெடிக்கிற சரக்கு விற்க லைசென்ஸ் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே சுற்றுவட்டாரத்தில் எந்தத் துப்பாக்கிக்காரர் கண்ணை மூடினாலும், காரியம் முடிந்த கையோடு துப்பாக்கி அவர் கடைக்கு வந்து சேரும். செத்தவரோடு லைசென்ஸ் போய்விடுகிறது, துப்பாக்கி போவதில்லை. லைசென்ஸ் உள்ள வேறொருவருக்கு விற்கிறவரை அது ஹம்சாவின் இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடக்கவேண்டும். கெடு தாண்டினால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். அங்கே போன எதுவும் திரும்பி வந்ததாக ஹம்சாவுக்கு ஞாபகமில்லை.

அந்த வருசம் பங்குனியில் தணிகாசலம் போனார். அவர் சம்சாரம் தையலம்மாள் வாடகை வண்டி பிடித்துக்கொண்டு இரண்டு துப்பாக்கிகளோடு வந்து இறங்கினாள். விற்றுக் கொடுத்தால் கிணற்றுக்கு ஒரு மோட்டார் போட்டுக்கொள்ளலாம், இனிமேல் மாடு பூட்டிக் கவலை இறைக்க ஆளுமில்லை, மாடுமில்லை என்றாள்.

ஒன்று ஒற்றைக்குழல், பார்வைக்கு உலக்கை மாதிரி. ஏம்பலத்து முத்துசாமி கரும்பில் பன்றி விழுகிறது என்று வந்தார், ஏரிக்கரையில் வைத்து ஒரு தடவை சுட்டுப் பார்த்தார், கொக்குகளெல்லாம் எழுந்து பறந்தன, வாங்கிக்கொண்டு போனார். அதில் கதை ஒன்றுமில்லை.

கதையெல்லாம் மற்றதில்தான். அது இரட்டைக்குழல். கட்டையில் வெள்ளிப் பூவேலை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் கவர்னர் துரையே தணிகாசலத்தின் அப்பாவுக்குத் தூக்கிக் கொடுத்தது என்று ஊரில் பேச்சு, பெயரே கவர்னர் துப்பாக்கி. கடலூர் ஏலத்தில் பிடித்தது என்று தையலம்மாளுக்குத் தெரியும். ஆடி மாசம் அம்மன் தேர் நிலையைவிட்டு நகர்வதற்கு முன்னால் அந்தத் துப்பாக்கி ஒரு முறை வானத்தைப் பார்த்து வெடிக்கவேண்டும். வெடித்தால்தான் வடத்தில் கை வைப்பார்கள். வெடிக்கிறவருக்கு முதல் பரிவட்டம். தணிகாசலம் பதினெட்டு வருசம் கட்டிக்கொண்ட பரிவட்டம் அது.

ஹம்சா குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். தையலம்மாள் அவரைப் பார்த்தாள்.

"நீ கண்டுபுடிக்கறதுக்குள்ள நானே சொல்லிடறேன் பாய். இது சுடாது. சுட்டா எதிர்ல இருக்கறவன இல்ல, புடிச்சிக்கினு இருக்கறவனத்தான் சுடும்."

முதல் வருசத் திருவிழாவிலேயே தணிகாசலம் தோட்டாவில் மருந்தை அள்ளித் திணித்ததில் குழல் நடுவில் பிளந்து விரிந்துவிட்டது. ரகசியமாக ஈயம் பூசி, மேலே கறுப்புச் சாயம் அடித்துக்கொண்டார். அடுத்த வருசத் தேர் வந்தது. பரிவட்டத்தை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை, முகத்தைப் பறிகொடுக்கவும் மனசில்லை. ஆகவே அவர் தேருக்கு முன்னால் துப்பாக்கியைத் தூக்குவார். கோயில் பின்சுவருக்கு அந்தப்பக்கம் தையலம்மாள் குந்திக்கொண்டு, மேளம் நிற்கிற நேரம் பார்த்து ஓலைவெடிக்குத் திரி வைப்பாள். ஒரு வருசம் மேளக்காரர் தும்முவதற்காக நிறுத்திவிட்டார். வெடி வெடித்தபோது தணிகாசலத்தின் துப்பாக்கி இன்னும் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தோளைவிட்டு எடுக்காமலே சுட்டுவிட்டார் என்று ஊர் அதற்கும் சேர்த்து ஒரு மாலை போட்டது.

ஹம்சாவுக்கு இப்போதுதான் விளங்கியது. வருசா வருசம் தேருக்கு முதல் நாள் தையலம்மாள் வந்து பிள்ளைகளுக்கு என்று சொல்லி ஓலைவெடி வாங்கிப்போவாள். அவளுக்குப் பிள்ளைகள் கிடையாது. யார் பிள்ளைகளுக்கு என்று கேட்காத மரியாதைக்காரராக ஹம்சா இருந்துவிட்டார்.

"துப்பாக்கி கொறய தாராளமா சொல்லு பாய்," என்றாள் தையலம்மாள். "எங்க வூட்டுக்காரரு கொறய மட்டும் சொல்லாத."

ஹம்சா ஒப்புக்கொண்டார். ஆணி வேறு, கீல் வேறு என்று எடைபோட்டுப் பழகியவர். இந்த இரண்டையும் அப்படியே தனித்தனியாகப் பொட்டலம் கட்டிவிடலாம் என்று நினைத்தார்.

மறுவாரமே பழைய மேர் வந்துவிட்டார்.

கண்ணையனுக்குக் கொம்யூன் மேர் பதவி, அதாவது பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஊர்த்தலைவர் பதவி, போய் ஐந்து வருசம் ஆகியிருந்தது. ஊருக்கு அது தெரியும், கண்ணையனிடம்தான் யாரும் சொல்லவில்லை போலிருந்தது. பால்காரர் பால் ஊற்றினாலும் தீர்மானம் நிறைவேறியது என்பதுபோல் தலையசைப்பார். பதவியில் இருந்தபோது துப்பாக்கி லைசென்ஸ் ஒன்று வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். துப்பாக்கி மட்டும் வாங்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு லைசென்ஸே போதும் என்று அப்போது நினைத்தார். பதவி போனபிறகு அது போதவில்லை.

ஹம்சா துப்பாக்கியைத் துணிமேல் வைத்து, விலையைச் சொல்லுமுன் குறையைச் சொன்னார். குழல் விரிந்திருக்கிறது, ஒட்டுப்போட்டது, தோட்டா போட்டால் வெடித்துவிடும், அலமாரியில் வைத்து அழகு பார்க்கத்தான் ஆகும். கண்ணையன் மீசைக்குள் சிரித்தார். யாருக்குக் கொடுப்பதாகப் பேச்சு என்று கேட்டார். யாருக்குமில்லை என்றார் ஹம்சா. அப்படியானால் வேறு யாரோ பெரிய இடத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று முடிவுகட்டிக்கொண்டு, கண்ணையன் தாமாகவே விலையை உயர்த்தினார்.

இரண்டாம் முறை வந்தபோது ஹம்சா ஒட்டுப்போட்ட இடத்தையே விரலால் தொட்டுக் காட்டினார். கண்ணையன் சொன்ன விலைக்கு மேல் ஒரு கறவை மாட்டைச் சேர்த்தார். மூன்றாம் முறை, உங்கள் கை போய்விடும் என்று ஹம்சா நேராகவே சொன்னார். மாட்டோடு கன்றும் சேர்ந்தது. அன்று சாயங்காலமே மாடும் கன்றும் அச்சாரமாகத் தையலம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றன.

ஹம்சாவின் சம்சாரம் ஜொஹரா பீவி கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க உண்மைய சொல்லச் சொல்ல மாடு பெருசாவுது," என்றாள். "கடையில கெடக்கற துருப்புடிச்ச கீலுக்கும் இதே மாதிரி கொற சொல்லிப் பாருங்களேன்."

ஹம்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணையன் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனது காதிலேயே நின்றது.

"பதினெட்டு வருசம் தணிகாசலம் சுட்டத இந்தக் கண்ணாலதான் பாத்தேன் பாய். அவன் கையில இருந்தவரைக்கும் நல்லா இருந்த கொழலு, எங்கிட்ட வர்றப்பதான் ஓட்டை வுழுதா?"

அதற்குப் பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்வதில்லை என்று ஹம்சா வாக்குக் கொடுத்திருந்தார். சொல்லாமல் விற்றால் ஆடித் தேரன்று கண்ணையன் தோட்டா போடுவார். கண்ணையனின் முகம் ஹம்சாவுக்கு அவ்வளவாகப் பிடித்த முகமில்லை. ஆனாலும் அது இருந்த இடத்தில் இருக்கவேண்டும் என்றுதான் அவர் விரும்பினார். விற்காமலே விட்டால் கெடு தாண்டித் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போகும், தையலம்மாளின் பயிர் கருகும்.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தையலம்மாள் வீட்டுக்குப் போனார். மாடு அவரைச் சந்தேகத்தோடு பார்த்தது.

"ரெண்டையும் பிரிக்க முடியலக்கா," என்றார். "துப்பாக்கிய பத்தி உண்மைய சொன்னா, அவரு உங்க வூட்டுக்காரர சாட்சிக்குக் கூப்புடறாரு."

தையலம்மாள் கன்றின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, மேரை வெள்ளிக்கிழமை கடைக்கு வரச்சொல், நானும் வருகிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை கண்ணையன் ஜரிகை வேட்டியில் வந்தார். புதுச்சேரியில் வாங்கிய இரண்டு தோட்டாக்களைக் கைக்குட்டையில் முடிந்து, பிரசாதம் மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். ஹம்சாவின் கடையில் கேட்டதற்கு அவர் விற்க மறுத்துவிட்டாராம், அந்தக் கோபம் நடையிலேயே தெரிந்தது. கடையின் பின்கட்டில், கிணற்றடியில், இப்போதே சுட்டுப் பார்த்துவிடுவது என்று கையை நீட்டினார். ஹம்சா துப்பாக்கியைத் தரவில்லை.

"நான் யாருன்னு தெரியுதா பாய்?"

"தெரியுது மேரே. அதனாலதான் வந்த மூஞ்சியோடவே அனுப்பணும்னு பாக்கறேன்."

அதற்குள் தையலம்மாள் துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள். ஜொஹரா பீவியிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டாள். கட்டையைத் தரையில் ஊன்றி, குழலைக் கண்ணையன் பக்கம் லேசாகச் சாய்த்து, வாய்வழியாகத் தண்ணீரை ஊற்றினாள். கொஞ்சநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணையன் வெற்றிச் சிரிப்புச் சிரிக்க ஆரம்பித்தார். பாதிச் சிரிப்பில் குழலின் நடுவில் கறுப்புச் சாயம் கொப்பளித்து, தண்ணீர் பீறிட்டு ஜரிகை வேட்டியில் விழுந்தது. இடம் பார்த்து விழுந்தது. ஜொஹரா பீவி முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

கண்ணையன் வேட்டியைப் பார்த்தார், குழலைப் பார்த்தார், கைக்குட்டையிலிருந்த தோட்டாக்களைப் பார்த்தார். அவற்றைக் கிணற்று மேடையில் மெதுவாக, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல், வைத்தார்.

"இது எப்பலேர்ந்து இப்பிடி இருக்குது?"

"மொத வருசத்துலேர்ந்து."

"அப்ப சுட்டது யாரு?"

தையலம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். "நாந்தான். செவுத்துக்குப் பின்னாடி குந்திக்கினு. ஓலைவெடி. பாய் கடைதான்."

மேராக இருந்தபோது கண்ணையன் தேரடியில் தணிகாசலத்துக்குப் பொன்னாடை போர்த்திப் பேசியிருக்கிறார். பகைவர் நெஞ்சைப் பிளக்கும் ஓசை இது, பாரீஸ் வரைக்கும் கேட்டிருக்கும் ஓசை இது என்றெல்லாம் பேசியிருக்கிறார். அதையெல்லாம் அவர் இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றுக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. கோபித்துக்கொண்டு போய்விடுவார், போகிற வழியெல்லாம் செத்தவரைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைப்பார் என்று ஹம்சா பயந்தார். கண்ணையன் போகவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தையலம்மாள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"இந்த வருசத்துக்கு வெடி வாங்கியாச்சா?"

ஜொஹரா பீவி உள்ளே ஓடிவிட்டாள். பாத்திரம் ஏதோ உருளும் சத்தம் கேட்டது.

தையலம்மாள் சிரிக்கவில்லை. வெடி வைக்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றாள். "செவுத்துக்குப் பின்னாடி குந்தமாட்டேன் மேரே. அத்தினி வருசமும் தேரு நகர்றத நான் பாத்ததே இல்ல. நான் சுத்திக்கினு ஓடியார்றதுக்குள்ள அது கடைத்தெரு திரும்பிடும். இந்த வருசம் தேருக்கு எதிர்லயே வைக்கறேன். எல்லாரும் பாக்கட்டும்."

"அப்ப நான் துப்பாக்கிய வெச்சிக்கினு இன்னா பண்றது?"

"புடிச்சிக்கினு நில்லுங்க. எங்க வூட்டுக்காரரும் அதத்தான பண்ணாரு."

விலை பேசுவதில் மறுபடியும் தகராறு வந்தது, இந்த முறை தலைகீழாக. இரும்பு விலை, கட்டை விலை, வெள்ளிப்பூ விலை, அதற்குமேல் ஒரு காசு வாங்குவதில்லை என்றார் ஹம்சா. கவர்னர் துப்பாக்கியை இரும்பு விலைக்கு வாங்கினேன் என்று நான் எப்படி ஊரில் சொல்வது என்று கண்ணையன் மன்றாடினார். ஊரில் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், நான் மட்டும் யார் கேட்டாலும் இது சுடாத துப்பாக்கி என்றே சொல்வேன் என்றார் ஹம்சா. ஸ்டேஷனிலும் அப்படியே சொல்லித்தான் கைமாற்றினார். மாட்டைத் திருப்பி ஓட்டிப்போவதுதான் கடைசிச் சிக்கல். கொடுத்த மாட்டை மேர் திரும்ப வாங்கினார் என்று ஆகிவிடக்கூடாது. மாடு தானாகவே கயிற்றை அறுத்துக்கொண்டு பழைய வீட்டுக்கு ஓடிவந்துவிட்டது, கன்றும் பின்னாலேயே வந்துவிட்டது என்று மேர் வீட்டிலிருந்து செய்தி வந்தது. அந்த மாட்டின் விசுவாசத்தை ஊர் கொஞ்சநாள் பேசிற்று.

மோட்டாருக்குப் பணம் போதவில்லை. தையலம்மாள் கிருமாம்பாக்கத்தில் ஒரு பழைய ஆயில் இஞ்சின் வாங்கினாள். அது கத்துகிற கத்தலுக்கு ஓலைவெடியே தேவலை என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள்.

ஆடித் தேரன்று ஹம்சா கடையைச் சாத்திவிட்டுப் போய், கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். கண்ணையன் தேருக்கு முன்னால், தலையை அண்ணாந்து, கவர்னர் துப்பாக்கியை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றார். பரிவட்டம் புருவம்வரை இறங்கியிருந்தது. பக்கத்தில் தையலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓலைவெடியைத் தரையில் வைத்தாள். எல்லோரும் பார்த்தார்கள். மேளம் நின்றது. அவள் அவசரப்படவில்லை. மேரின் கைகள் ஓய்ந்து, துப்பாக்கி வேப்பமரத்தைக் குறிபார்க்கிற அளவுக்குத் தாழ்ந்தபிறகுதான் ஊதுவத்தியைத் திரியில் வைத்தாள்.

வெடித்தது. மேர் குதித்தார். ஜனங்கள் வடத்தில் கை வைத்தார்கள். தேர்ச்சக்கரம் முதலில் ஒரு முனகல் முனகி, கட்டையை ஏறி இறங்கி, மண்ணைக் கடித்துக்கொண்டு நகர்ந்தது. தையலம்மாள் புகைக்குள்ளேயே நின்று, வாயைத் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேர் அவளைத் தாண்டிப் போனபிறகும் அங்கேயே நின்றாள்.

திரும்பி வரும்போது ஹம்சா அவளோடு கூட்டத்தில் நடந்தார். முன்னால் இரண்டு பெரியவர்கள் வெற்றிலை மென்றுகொண்டு போனார்கள்.

"மேரு பரவால்ல, சுட்டுட்டாரு," என்றார் ஒருவர்.

"சுட்டாரு," என்றார் மற்றவர். "ஆனா தணிகாசலம் சுட்டா மாதிரி சத்தம் இல்லப்பா. அது இன்னா சத்தம், இது இன்னா சத்தம்."

ஹம்சா தையலம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையில் ஒட்டியிருந்த ஓலைத்துணுக்கைத் தட்டிவிட்டாள்.

"கரெக்டா சொல்றாரு பாய்," என்றாள். "அந்தக் காலத்துல நீ வித்தது நல்ல சரக்கு."