மூன்றாம் பக்கத்தின் ஈரம்

மார்ச் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. வானத்தில் மேகம் இல்லை, காற்றும் இல்லை. அன்று காலை நகரத்து நாளிதழின் மூன்றாம் பக்கத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் ஒழுகியது. எல்லாப் பிரதிகளிலும் ஒரே வரியிலிருந்துதான் ஒழுகியது: 'குழாய்நீர் தூய்மையாகவே உள்ளது என்று சாயப்பட்டறை உரிமையாளர் தெரிவித்தார்.' செத்த எலியின் நாற்றம் அதற்கு இருந்தது.

அவ்வரியைச் சேர்த்தவர் துணையாசிரியர். அலுவலக வழக்கம் அது. புகாருக்கு எத்தனை வரியோ, மறுப்புக்கும் அத்தனை வரி. செய்தி எழுதுபவர் எதையும் நேரில் பார்க்கலாகாது, பார்த்தவர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார் என்பது ஆசிரியரின் கொள்கை. இதன்பொருட்டே பட்டறைத் தெருவை நோக்கிய சன்னலில் பலகை அறைந்திருந்தார்கள். அந்தத் தெருவில்தான் துணையாசிரியரின் அக்கா குடியிருந்தாள். அவள் மகளுக்குக் கைகால் முழுதும் கொப்புளம். அன்று மாலை அவர் போனபோது அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"உள்ள வராத. உன் பேப்பர் மாதிரியே நீயும் நாறுற."

"ரெண்டு தரப்பையும் போடணும்க்கா. அதான் நடுநிலை."

"புள்ளைக்குத் தோல் உரியுது. அதுக்கு எதிர்த்தரப்பு யாருடா? குழாய் இதோ இருக்கு, திறந்து பாரு."

"நான் பார்க்கக் கூடாதுக்கா."

"அப்போ கண்ணைக் கழட்டி ஆபீஸ்லயே வெச்சிரு. தண்ணி கறுப்புன்னு உன் பேப்பர்ல வர்ற அன்னைக்கு வா."

கதவு சாத்தப்பட்டது. ஆண்டுகள் சில கழிந்தன. ஒழுக்கு நிற்கவில்லை, மற்றப் பக்கங்களுக்கும் பரவியது. அச்சகத்தார் முழங்கால்வரை ரப்பர் காலணி அணிந்தனர். ஆசிரியர் மையில் பன்னீர் கலக்கச் சொன்னார். பன்னீர் மணமும் செத்த எலி நாற்றமும் கலந்து தெருவெங்கும் வீசின. மக்கள் நாளிதழைப் பிழிந்து, துணிக்கொடியில் உலர்த்திப் படிக்கப் பழகிக்கொண்டனர். ஒழுகும் வரி பொய், ஒழுகாதது மெய் என்று முடிதிருத்தும் கடையில் யாரோ கண்டுபிடித்தபின் விற்பனை கூடியது. "வாசகர்கள் நம்மள எவ்வளவு நம்புறாங்க பார்த்தீங்களா!" என்று ஆசிரியர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே பூரித்தார். துணையாசிரியருக்குத் தம் விரல்களால் சோற்றைத் தொடவே அருவருப்பாக இருந்தது, கரண்டியால் உண்டார்.

பிறகொரு நண்பகலில், அக்காவின் மகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தி அவர் மேசைக்கு வந்தது. கூடவே மறுப்பும் வந்தது: சிறுமி தன்னைத்தானே சொறிந்துகொண்டாள் என்று பட்டறை உரிமையாளர் தெரிவித்திருந்தார். வரிகள் சமமாகவே இருந்தன. துணையாசிரியர் குப்பைக்கூடையில் வாந்தி எடுத்தார். வாயைக் கழுவாமலேயே பட்டறைத் தெருவுக்கு நடந்து, தெருக்குழாயைத் திறந்து, உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். மசியைப் போல் வழிந்தது. திரும்பி வந்து, மறுப்பைக் கிழித்துவிட்டு எழுதினார்: 'தண்ணீர் கறுப்பு. நேரில் பார்த்தேன்.'

மறுநாள் மூன்றாம் பக்கம் உலர்ந்திருந்தது. விடியும்முன்பே ஆசிரியர் அழைத்து, "ஒரு பக்கம் சாஞ்சிட்டீங்களே ஐயா" என்று வருந்தி, வேலையை விட்டு நீக்கினார். மற்றப் பக்கங்கள் வழக்கம்போல ஒழுகின. ஊரார் வழக்கம்போலப் பிழிந்து கொடியில் போட்டார்கள்.

துணையாசிரியர் அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துச் சென்றார். மருத்துவமனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அக்கா அதை வாங்கினாள், வரியின்மீது விரலைத் தேய்த்தாள், விரலை முகர்ந்தாள். பின்பு கதவை அகலத் திறந்து, "முதல்ல வாயைக் கழுவு" என்றாள். அப்போது மணி காலை ஆறு பதினேழு.