அப்பாவுவின் கழுத்து

என் புருஷன் சந்தியாகுவுக்குச் செய்யத் தெரிந்ததெல்லாம் புனிதர்கள்தான். ராயபுரத்துப் பாதி வீடுகளில் அவர் செய்த சூசையப்பரும் அந்தோணியாரும் நிற்கிறார்கள். கண் எழுதுவது என் வேலை.

ஐம்பத்திரண்டில் துறைமுகத்துக் கரி இறக்கும் ஆட்கள், தங்கள் சங்கக் கட்டடத்தில் வைக்க அப்பாவுவின் மார்பளவுச் சிலை கேட்டு வந்தார்கள். அப்பாவு பண்ணையில் அடிமையாகப் பிறந்தவர். ஓடிவந்து, கடனுக்கு ஆளையே எழுதி வாங்கும் முறை ஒழிய வேண்டுமென்று சாகும்வரை மேடை மேடையாகப் பேசியவர். கழுத்துத் தழும்பு மட்டும் வேண்டாம், பார்க்க நன்றாயிராது என்றான் சங்கச் செயலாளர் ஜெயவேல்.

திறப்புக்கு இரண்டு நாள் முன்னால் அப்பாவுவின் மனைவி குப்பம்மா வியாசர்பாடியிலிருந்து எங்கள் பட்டறைக்குப் பார்க்க வந்தாள். சிலையை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"மூஞ்சி அவருதுதான். ஆனா இன்னாத்துக்கு மேல பார்த்துகினு கீறாரு?"

அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. கைப்பழக்கம். அப்பாவுவும் அந்தோணியார் போல மோட்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆண்டை மூஞ்சியப் பார்க்கக்கூடாதுன்னு குனிய வெச்சே வளர்த்தானுங்க அவரை. இங்க வந்தப்புறம் எதிர்ல நிக்கிறவன் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவாரு."

"மகான் மாதிரி கீதே, யக்கா. மாலை போட்டா யாரு கண்ணைப் பார்க்கப்போறா?" என்றான் கூட வந்த ஜெயவேல்.

"மகான்னா கும்பிட்டுட்டுப் பூடுவாங்க. அவரு சொன்னதை எவனும் கேக்கமாட்டான். இதைத் தெறக்க நான் வுடமாட்டேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சொல்வது சரி என்று தெரிந்ததும் அது என் புருஷன் மேல் திரும்பியது.

"பிளாஸ்டர் இறுகிப்போச்சே, இருதயம்" என்று என் பெயரைச் சொல்லி முனகினார் அவர்.

ரம்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "கழுத்தை அறுங்க."

சிலுவை போட்டுக்கொண்டு அறுத்தார். முன்பக்கம் ஆப்பு போல ஒரு துண்டை எடுத்துவிட்டு, தலையை முன்னால் சாய்த்து ஒட்டினார். நான் கருவிழிகளை அழித்துக் கீழிறக்கி எழுதினேன். அப்பாவு எங்களைப் பார்த்தார்.

கழுத்தைச் சுற்றி ஒட்டு வடுவாகத் தெரிந்தது. பூசி மறைக்கப் போனவரின் கையைக் குப்பம்மா பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். மொதல் தபா ஓடினப்போ கயிறு கட்டி இழுத்தாந்தானுங்க. தழும்பு அங்கதான்."

திறப்பன்று ஜெயவேல் பெரிய ரோஜா மாலையோடு வந்தான். குப்பம்மா அதைக் கழுத்தில் போடவிடவில்லை. வாங்கிப் பீடத்தின்மேல் வைத்துவிட்டு, ஆட்களைக் கிட்டே வந்து பார்க்கச் சொன்னாள்.