ஒரு சாண் வளர்ந்த பாறை

1

இந்தக் கதை ஒரு பீற்றலில் பிறந்தது. விளாங்குடி சலூனில் முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்த சின்னச்சாமி, கத்தி கழுத்தருகே இருப்பதையும் மறந்து என் பக்கம் திரும்பினார்.

"எம் மக அஸ்வினி ஏரோப்பிளேன்ல இருந்து லேசர் அடிச்சு, மலை நகருறதக் கண்டுபிடிக்கிறாண்ணே!"

"ஆடாதீங்கண்ணே, காது போயிரும்," என்றார் சலூன்காரர்.

எனக்குக் கை அரித்தது. காதைவிடக் கதை முக்கியம்.*

* அஸ்வினியின் திருத்தம்: விமானத்தில் போவது வேறு ஆட்கள். அவள் வேலை பார்ப்பது மதுரை ஆனையூரில் ஒரு மாடி அலுவலகத்தில். அப்பாவிடம் பலமுறை சொல்லிவிட்டாளாம், அவர் கேட்பதாக இல்லை.

2

முதல் தொடக்கம்: 'மேகங்களைக் கிழித்துக்கொண்டு அந்த விமானம் மலையன்னையின் மடியை...'

வேண்டாம். அஸ்வினி படித்தால் சிரிப்பாள்.

இரண்டாவது: 'ஒளி தரையைத் தொட்டுத் திரும்பும் கால அளவை அடிப்படையாகக் கொண்டு...'

இதைப் படித்தால் நீங்கள் ஓடிவிடுவீர்கள். ஆனாலும் இவ்வளவாவது தெரிந்துகொள்ளுங்கள். விமானம் மலைமேல் பறந்து லேசரால் உயரங்களை அளக்கும். கணினியில் மரம் செடிகளை உரித்து எடுத்துவிட்டால் வெறும் மண் தெரியும். போன வருட மண்ணின்மேல் இந்த வருட மண்ணை வைத்துப் பார்த்தால் எது சரிகிறது என்று புரிந்துவிடும். ஆனால் இரண்டையும் பொருத்துவதற்கு, நகராத ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

3

அஸ்வினி பிடித்துக்கொண்டது, மலைக்கிராமப் பள்ளிக்கூடத்தின் கான்கிரீட் கூரையை. கட்டடம் எங்கே போய்விடப் போகிறது? பொருத்திப் பார்த்தாள். பள்ளியைச் சுற்றியிருந்த சரிவு இம்மிகூட அசையவில்லை. 'ஆபத்தில்லை' என்று அறிக்கையும் எழுதிவிட்டாள். மழைக்காலத்தில் பிள்ளைகள் அங்கேயே படிக்கலாமா என்பதை அந்த அறிக்கைதான் முடிவு செய்யும்.

அனுப்பும் முன், திரையில் பள்ளியை ஒட்டி ஓடும் ஓடைக்கு அந்தப் பக்கம் தற்செயலாகப் பார்த்தாள். பிறகு மேலாளர் சீதாராமனைக் கூப்பிட்டாள்.

"சார், பாறை வளருமா?"

"என்னம்மா கேள்வி இது?"

"வளந்திருக்கு சார். அந்தப் பக்கம் எல்லாப் பாறையும் ஒரு சாண் வளந்திருக்கு."

(இங்கே சீதாராமனை அகம்பாவம் பிடித்தவராக்கி ஒரு சண்டை எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் மனுஷர் அப்படி இல்லை என்று அஸ்வினி அடித்துச் சொன்னதால் நானும் அடித்துவிட்டேன்.)

சீதாராமன் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையைப் பார்த்தார். அஸ்வினி பாறையையும் பள்ளிக் கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாறை ஏறலை சார். பள்ளிக்கூடம் எறங்கியிருக்கு. நகராதுன்னு நான் புடிச்சதுதான் நகருது."

பாறையைப் பிடித்து மறுபடி பொருத்தினார்கள். பள்ளியும் சரிவும் ஒன்றாக, ஒரு விரிசல்கூட விடாமல், ஒரு சாண் கீழே வந்திருந்தன. அதனால்தான் ஊரில் எவர் கண்ணிலும் படவில்லை.

"அந்த அறிக்கை வேண்டாம்மா. முதல்ல பிள்ளைகளை வெளியே கொண்டுவரணும்," என்று சீதாராமன் போனை எடுத்தார்.

தன் தப்பைத் தானே பிடித்ததில் அஸ்வினிக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான். சின்னச்சாமி பீற்றியது குறைச்சல் என்று தோன்றியது.

4

முடிவு ஒன்று: மழை கொட்டுகிறது. சரிவு இடிந்து, காலியான பள்ளியை மூடுகிறது. ஊரே அஸ்வினியைக் கையெடுத்துக் கும்பிட...

முடிவு இரண்டு: மழை பெய்து ஓய்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. சமுதாயக்கூடத்தில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, "மதுரையில ஏசி ரூம்புல உக்காந்துக்கிட்டு எங்க பள்ளிக்கூடத்தப் பூட்டிப்புட்டாளே" என்று ஊர் ஏசுகிறது.

இதை எழுதும்போது மழை இன்னும் தொடங்கவில்லை. பிள்ளைகள் மட்டும் இடம் மாறிவிட்டார்கள். எந்த முடிவு வேண்டும் என்று அஸ்வினியிடமே கேட்டேன்.

"ரெண்டாவது."

"ஊரே திட்டுமேம்மா?"

"திட்டட்டும் சார். மலை விழுந்துதான் எனக்குப் பேரு வரணுமா?"

அதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை. மழையை உங்களிடம் விட்டுவிடுகிறேன். கொஞ்சம் மெதுவாகப் பெய்ய விடுங்கள்.