அண்ணனுக்கு ஒரு மறுப்பாணை

உறவினரின் கோப்பைக் கையாளக் கூடாது என்பது ஆயுத உரிமப் பிரிவின் நடைமுறை. ஆகவே தன் அண்ணனின் துப்பாக்கி உரிமப் புதுப்பிப்பு விண்ணப்பம் வந்ததும் எழுத்தர் அதில் ஒரு குறிப்பும் எழுதாமல் அதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். துப்பாக்கி வைக்கும் இடத்தைப் பார்த்து எழுதிய ஆய்வறிக்கையை மட்டும் அவளால் படிக்காமல் இருக்க முடியவில்லை. "இரும்புப் பெட்டி உண்டு. பூட்டு உண்டு. சுவர் இல்லை."

காட்டுப்பன்றிகளிடமிருந்து பழத்தோட்டத்தைக் காப்பது அண்ணனின் வேலை. காய் முற்றும் பகுதிக்கெல்லாம் இழுத்துச் செல்லப்படும், சக்கரம் பூட்டிய தகரக் கூண்டே போன ஆண்டிலிருந்து அவன் வீடு. உரிமம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. துப்பாக்கி இல்லாத காவலன் தேவையில்லை என்று தோட்டத்து முதலாளி சொல்லிவிட்டார்.

ஆயுதத்தைப் பிறர் கைக்கு எட்டாமல் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. பெட்டி செங்கல் சுவரில் நான்கு திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது துறை வகுத்த விதி. எட்டாண்டுகளுக்கு முன், மாலைக்குள் அந்த விதிக்கு வரைவு வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, அவள் தலைநிமிர்ந்து எதிரே சுவரில் பொருத்தியிருந்த அலுவலக இரும்புப் பெட்டியைப் பார்த்தாள், திருகாணிகளை எண்ணினாள், எழுதிவிட்டாள். சட்டம் தான் காணாத வீடுகளுக்காக ஓரிடத்தைத் திறந்து விட்டிருந்தது. அவள் அந்த இடத்தில் தான் கண்ட சுவரைக் கட்டிவிட்டாள்.

அதிகாரி அவளை அழைத்தார்.

"உங்க அண்ணனாமே. மறுக்க மனசு வரலம்மா. நிலுவையில போட்டு வைக்கிறேன். விதியத் திருத்தினதும் பாத்துக்கலாம்."

"திருத்தம் வர ஆறு மாசம் ஆகும் சார். வெள்ளிக்கிழமை உரிமம் காலாவதி."

"அதுக்காக விதிய மீறிக் கையெழுத்துப் போடச் சொல்றியா?"

"வேணாம் சார். மறுத்துடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கூடப் பிறந்தவனுக்கா?"

"மறுத்தாத்தான் மேல்முறையீடு போட முடியும். போட்டா, தீர்ப்பு வர்ற வரைக்கும் பழைய உரிமம் செல்லும்னு சட்டத்துலயே இருக்கு. நிலுவைக்கு அந்தச் சலுகை கிடையாது. தீர்ப்பாயம் சட்டத்தத்தான் பாக்கும். அதுல சுவர்ங்கிற பேச்சே இல்ல."

"அப்ப இந்தச் சுவர் எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்களே?"

"வரைவுல என் கையெழுத்துதான் சார் இருக்கு."

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறேங்கிற." அவர் சற்று நேரம் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு பேனாவைத் திறந்தார்.

வியாழனன்று அண்ணன் வந்து ஆணையை வாங்கிப் படித்தான். முகம் கறுத்தது.

"வேற ஆபீசா இருந்தா நாலு தடவ நடக்க விட்டிருப்பான். நீ இருக்கிற இடத்துல ஒரே தடவையில ஆப்பு! உங்க அண்ணிகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"அண்ணிகிட்ட அப்புறம் பேசலாம். இந்தக் காகிதம் இருந்தாத்தான் தீர்ப்பாயத்துல உள்ளயே விடுவாங்க. நான் அரைநாள் லீவு போட்டுட்டேன், நட."

தீர்ப்பாயம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பதிவாளர் மனுவில் முத்திரை குத்தினார். தீர்ப்பு வரும்வரை துப்பாக்கி அண்ணனிடமே இருக்கலாம் என்று ஒப்புகைச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். பிறகு கேட்டார்:

"இந்த விதி எப்படி வந்துச்சுன்னு சொல்ல யாராச்சும் சாட்சி இருக்காங்களா?"

"நான் இருக்கேன்," என்றாள். "எழுதினதே நான்தான்."

அண்ணன் திரும்பிப் பார்த்தான். "அடிப்பாவி! அந்தச் சுவர் நீ கட்டினதா?"

அவள் தன் பெயரையும் பதவியையும் பதிவேட்டில் எழுதினாள். அண்ணன் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினான். தெருமுனையில் நின்று கேட்டான்:

"விசாரணை என்னைக்கு?"

"பதினேழாம் தேதி. நானும் வருவேன்."

"நீ வராம? கட்டினவதானே வந்து இடிக்கணும்." பேருந்து வருவதைக் கண்டு அவன் வேகமாக நடந்தான், இருட்டுவதற்குள் அவன் தோட்டத்தில் இருக்க வேண்டும்.