கஸ்பார் மேஸ்திரி வளர்த்த கொசுப்புழு

ராயபுரத்தில் கஸ்பார் வருகிறார் என்றால் எட்டுத் தெருப் பெண்களும் பானையை மூடுவார்கள். அவர் கொசு ஒழிப்பு மேஸ்திரி. யாரையும் கேட்காமல் நேரே கொல்லைப்பக்கம் போவார். தேங்கிய தண்ணீரில் ஒரு புழு நெளிந்தாலும் பானையைக் கவிழ்த்துவிடுவார். சில பானைகள் உடைந்ததும் உண்டு. அதற்காக அவர் வருத்தப்பட்டதில்லை. ஊர் குளிர்காய்ச்சல் இல்லாமல் தூங்குவதே தன்னால்தான் என்று பதினோரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம், பினாங்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்த மச்சான் ஸ்டானிஸ்லாஸ் ஒரு பாட்டிலில் சண்டை மீன் கொண்டுவந்து கொடுத்தான். கட்டைவிரல் நீளம், மயில் கழுத்து நீலம். கண்ணாடியைக் காட்டினால் தன் உருவத்தோடேயே செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்குப் போனது. கஸ்பாருக்கு அதை உடனே பிடித்துவிட்டது. கேப்டன் என்று பெயர் வைத்தார்.

என்ன தீனி போடுவது என்று மச்சான் சொல்லவில்லை. கேட்கிற வழக்கம் கஸ்பாருக்கும் இல்லை. தனக்குப் பிடித்ததெல்லாம் அதற்கும் பிடிக்கும் என்று முடிவு செய்தார். காலையில் ரொட்டித் தூள், மதியம் சோறு, சாயங்காலம் இடியாப்பம். ஞாயிற்றுக்கிழமை, காரம் போகக் கழுவிய கறித் துணுக்கு. மனைவி சிலுவையம்மாள் போதும் என்றபோது, நோஞ்சான் உடம்பை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது என்று திருப்பிக் கேட்டார்.

பத்தே நாளில் கேப்டனின் வயிறு கோலிக்குண்டாக உப்பியது. தண்ணீர் கழுநீர் மாதிரி கலங்கி நாறியது. மீன் ஒருக்களித்து அடியில் கிடந்தது. ஊர்த் தண்ணீரையெல்லாம் பரிசோதிக்கிறவர் வீட்டுத் தண்ணீர் நாறுவதை சிலுவையம்மாள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பக்கத்துத் தெரு ஷம்ஷாத், யுத்த காலத்தில் ரங்கூனிலிருந்து வந்தவள். அங்கே அவள் புருஷன் பந்தயத்துக்கென்று இந்த மீனை வளர்த்தவன். அவளைக் கேட்கலாம் என்றாள் சிலுவையம்மாள். வேறு ஆளே இல்லையா என்றார் கஸ்பார். ஷம்ஷாத்தின் பானையைப் போன மாதம்தான் உடைத்திருந்தார். வேறு வழியில்லாமல் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவள் பானைப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதுக்குக் கண்ணு எவ்ளோ கீதோ வயிறும் அவ்ளோதான், மேஸ்திரி. நீ கல்யாண விருந்து வச்சிகினு கீற" என்றாள்.

மூன்று நாள் பட்டினி போடச் சொன்னாள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொன்னாள். பிறகு காலையில் மூன்று, சாயங்காலம் மூன்று, உயிரோடு கொசுப்புழு. வாரத்தில் ஒருநாள் ஒன்றுமே கூடாது. சாக்கடைப் புழு ஆகாது, நல்ல தண்ணீர்ப் புழுவாக இருக்க வேண்டும்.

"கொசுப்புழுவா?"

"ஆமா. அது எங்க கெடைக்கும்னு உனக்குத் தெரியாததா?"

மூன்றாம் நாள் கேப்டன் நிமிர்ந்து நீந்தியது. கஸ்பார் கரண்டியோடு புழு தேடிக் கிளம்பினார். எட்டுத் தெருவிலும் ஒன்றுகூட இல்லை. அவர் தலையைக் கண்டதும் பெண்கள் தாங்களே பானையைக் கவிழ்த்துக் காட்டினார்கள். இப்படி ஒரு வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்து தொலைத்தோமே என்று முதல் தடவையாகத் தன்னையே நொந்துகொண்டார்.

கடைசியில் தன் கொல்லையிலேயே, கக்கூஸ் சுவரோரம், ஒரு பானையில் தண்ணீர் ஊற்றிச் சருகு போட்டு வைத்தார். ஒரு வாரத்தில் புழு துள்ளியது. அதைப் பார்த்து வந்த சந்தோஷம் அவருக்கே வெட்கமாக இருந்தது. டீ வடிகட்டியில் மூன்றை அள்ளி, அலசிப் போட்டார். கேப்டன் பாய்ந்து விழுங்கியது. வெள்ளிக்கிழமை பட்டினி. இந்த வீட்டில் ஒழுங்காக ஒருசந்தி விரதம் இருப்பது மீன் ஒன்றுதான் என்றாள் சிலுவையம்மாள்.

மீன் தின்றது நாளைக்கு ஆறு. பானையில் நெளிந்ததோ நூற்றுக்கணக்கில். மிச்சமெல்லாம் கொசுவாகிப் பறந்தது. பக்கத்து வீட்டு மீன்காரி குப்பம்மா கொசுத் தொல்லை தாங்கவில்லை என்று வந்து சொன்னாள். கஸ்பார் வழக்கம்போல விறைப்பாக அவள் கொல்லைக்குப் போய், ஒன்றும் அகப்படாமல் போனாலும், சுத்தமில்லாத ஜனங்கள் என்று திட்டிவிட்டு வந்தார். அப்போது அவருக்குத் தன் பானை நினைவுக்கே வரவில்லை. அதைப் பின்னால் எண்ணி எண்ணி அவர் தலையில் அடித்துக்கொண்டது தனிக்கதை.

குப்பம்மா நேரே கொசு ஒழிப்பு ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் தாமோதரன் வந்தார். அவள் கொல்லையைப் பார்த்துவிட்டு, வந்ததற்கு இதையும் பார்ப்போம் என்று கஸ்பாரின் கொல்லைக்குள்ளும் நுழைந்தார். குப்பம்மாவும் பின்னாலேயே வந்தாள். பானைக்குள் எட்டிப் பார்த்தவர், இது யாருடையது என்றார்.

குப்பம்மா கொண்டுவந்து வைத்தது என்று சொல்ல கஸ்பாரின் நாக்கு அசைந்தது. அசைந்தது அவருக்கே தெரிந்தது. சீ என்று இருந்தது.

"என்னுதுதான் சார். மீனுக்குத் தீனி" என்றார்.

அந்த எட்டுத் தெருவுக்கும் நோட்டீஸ் எழுதுவது மேஸ்திரியின் வேலை. இன்ஸ்பெக்டர் நோட்டீஸ் புத்தகத்தை அவரிடமே நீட்டினார். குற்றம் செய்தவர்: கஸ்பார். நோட்டீஸ் கொடுத்தவர்: கஸ்பார். இரண்டையும் தன் கையாலேயே எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத குப்பம்மா, உரக்கப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தார். இரண்டாவது பெயர் வந்தபோது இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பிறகு கஸ்பாரே பானையைத் தூக்கிக் கவிழ்த்தார். அதுவும் உடைந்தது.

அன்று மத்தியானம் குப்பம்மாவின் வாசலில் போய் நின்று, தப்பு என்னுடையது என்றார். அவள் கூடையைக் கழுவிக்கொண்டே, மீன் இனி எதைத் தின்னும் என்று கேட்டாள். தெரியவில்லை என்றார். அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை.

"எண்ணூர்லேர்ந்து கூனி வருது. பொடி எறால்தான். அலசி ஒரு துளி கிள்ளிப் போடு, துன்னும். காலைல மார்க்கெட்டாண்ட வா" என்றாள்.

மறுநாள் போனார். குப்பம்மா அத்தனை பேருக்கும் வியாபாரம் முடித்துவிட்டுத்தான் அவர் பக்கம் திரும்பினாள். அதுவரை கஸ்பார் காக்கிச் சட்டையோடு, கையில் ஒரு கொட்டாங்கச்சியை ஏந்திக்கொண்டு, வெயிலில் நின்றிருந்தார்.