கம்பிக்கு ஒரு நூல் கொசுறு

பியானோவின் கறுப்புக் கட்டைகளுக்குப் பாதிக் கூலி போதும் என்று சொன்னதில் என்ன தப்பு என்பது பாதிவிலையாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. அளவில் சின்னது, எண்ணிக்கையில் குறைச்சல், வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே ஒண்டுக் குடித்தனம் இருக்கிற சாமான். அதற்கும் இதற்கும் ஒரே கூலியா?

அவர் தராசு வியாபாரி. மேஜைத் தராசு, தொங்கு தராசு, மின்தராசு என்று கடை முழுக்க நியாயத்தை அடுக்கி வைத்து விற்பவர். வாங்கப் போகிற இடத்தில் மட்டும், எந்த விலை காதில் விழுந்தாலும் அதில் பாதியிலிருந்துதான் ஆரம்பிப்பார். கடைத்தெரு அவருக்கு வைத்த பேர் பாதிவிலை. வயசுக்கு மரியாதையாக ஒரு 'ஆர்' கொசுறு.

பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்தவர் முன்பலகையைக் கழற்றிப் பார்த்தார், உச்சுக்கொட்டினார், கூலியைச் சொன்னார். இவர் வழக்கம்போலப் பாதியில் ஆரம்பித்தார்.

"முதலாளி, உள்ளே இருநூறு கம்பிக்கு மேல இருக்கு. ஒவ்வொண்ணையும் தனித்தனியா முறுக்கணும்."

"சரி, கறுப்புக்குப் பாதி போட்டுக்குங்க. அப்புறம் இந்த வலது கோடியில இருக்கிறதை எல்லாம் யாரு தொடுறாங்க? தூசி துடைக்கும்போது துணி படுறதோட சரி. அதை வேலையிலயும் விட்டுடுங்க, கூலியிலயும் விட்டுடுங்க."

சுருதிக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

பேரத்தின் நடுவில் எழுந்து நடப்பது வாங்குகிறவனின் உரிமை. விற்கிறவன் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். அதுதான் முறை. விற்கிறவனே எழுந்து நடந்தால் என்ன செய்வது என்று இந்த மனிதருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க அவர்?" என்று கேட்டுக்கொண்டே மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

"வருவார்."

"பேரம் பேசினீங்களா?"

"பேசாம எப்படி?"

அவள் பியானோ மூடியை மெதுவாக இறக்கி வைத்தாள். மற்ற வீடுகளில் பாத்திரம் உருளும். இந்த வீட்டில் அந்த மூடி சத்தமில்லாமல் இறங்கினால் அதுதான் உச்சக்கட்டத் திட்டு.

விஷயம் சாதாரணமில்லை. அந்தப் பியானோ அவள் அப்பாவுடையது. அவர் வீட்டைக் காலி செய்தபோது மூத்தவள், அதாவது இவள் அக்கா, மூன்றாவது மாடியில் குடியிருந்தாள். மாடிப்படி குறுகல். பியானோ இளையவள் வீட்டுக்கு வந்தது. "சுருதி கெடாம யார் வச்சுக்கிறாளோ அவகிட்ட இருக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார். மூத்தவள் அந்தப் பேச்சைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். இப்போது தரைத்தளத்துக்குக் குடிமாறி, போன வாரம் போனில் பேசும்போது பின்னணியில் நாலு கட்டை சத்தம் கேட்டதும் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி இது, பியானோவுக்குச் சளி பிடிச்சிருக்கா? சனிக்கிழமை வர்றேன். வேனோட வர்றேன். ஒரே ஒரு கட்டை பிசகி இருந்தாலும் ஏத்திட்டுப் போயிடுவேன். அப்பா சொன்ன பேச்சு."

சளி பிடித்திருந்தது உண்மை. வருஷா வருஷம் சுருதிக்காரரைக் கூப்பிடலாம் என்று அவள் சொல்வாள், விலை இறங்கட்டும் என்று இவர் சொல்வார். விலை இறங்கவில்லை. சுருதி இறங்கிவிட்டது.

சாயங்காலம் வேலை விட்டு வந்து அவள் அரை மணி நேரம் வாசிப்பாள். பாதிவிலையார் யாரிடமும் எதற்கும் பேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பது ஒரு நாளில் அந்த அரை மணி நேரம்தான். அந்த நாற்காலியையும் அந்தச் சுவரையும் பியானோ இல்லாமல் நினைத்துப் பார்த்தார்.

"அவருக்கே போன் போடுங்க" என்றாள் மனைவி.

"நானாக் கூப்பிட்டா விலை ஏறிடும்."

அந்த வாக்கியத்தின் மடத்தனம் அவருக்கே உறைத்ததால், உடனே செருப்பை மாட்டிக்கொண்டு இசைக்கருவிக் கடைக்குப் போனார். உள்ளங்கை அகலத்தில் ஒரு மின்கருவி வாங்கினார், கம்பி முறுக்கும் சாவி ஒன்று வாங்கினார், கம்பிகளுக்கு நடுவே செருகுகிற ரப்பர் ஆப்புகளைக் கொசுறாக வாங்கினார். கடைக்காரர் கும்பிடு போட்டு வாசல்வரை வந்து வழியனுப்பினார். மறுபடி உள்ளே வந்துவிடுவாரோ என்ற பயம்.

கருவியின் திரையில் ஒரு முள். சத்தம் தாழ்ந்திருந்தால் இடப்பக்கம் சாயும், ஏறியிருந்தால் வலப்பக்கம் சாயும், சரியாக இருந்தால் நடுவில் நின்று பச்சை விளக்கு எரியும்.

"அடியே, இது தராசுடீ!" என்று கூவினார். "இதுக்கா அந்த மனுஷனைக் கெஞ்சணும்?"

வியாழக்கிழமை கடைக்குப் பூட்டு. மனைவி அலுவலகத்துக்கு லீவு. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கட்டையை அழுத்த, இவர் பியானோவின் வயிற்றுக்குள் தலையை விட்டு, கம்பி சுற்றியிருக்கும் ஆணியைச் சாவியால் திருகினார். பெரும்பாலும் ஒரு கட்டைக்கு மூன்று கம்பி. இரண்டின் வாயை ஆப்பு வைத்து அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் பேசவிட வேண்டும். மூன்றும் சேர்ந்து பேசினால் முள் யார் பக்கம் சாய்வது என்று தெரியாமல் தவிக்கிறது.

ஆரம்பத்திலேயே ஒரு அதிசயம். அவள் கையை எடுத்த பிறகும் முள் ஆடியது.

"நீ அழுத்துறியா?"

"நான் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

பார்த்தால், சமையலறையில் ஃபிரிட்ஜ் முனகுகிறது. கருவி அதற்கும் சுருதி பார்த்துக்கொண்டிருக்கிறது. பாதிவிலையார் போய் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு வந்தார்.

பொழுது சாயும்போது எல்லாக் கம்பிக்கும் பச்சை விளக்கு எரிந்தாகிவிட்டது. முதுகு வில்லாக வளைந்திருந்தாலும் மனிதர் நிமிர்ந்து நின்றார். "எங்க, முதல்ல பண்ணின கட்டையை ஒரு தடவை தட்டு."

தட்டினாள். முள் இடப்பக்கம் படுத்துக்கிடந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே.

"மெஷின் பொய் சொல்லுது" என்றார். தராசுக்காரருக்கு முதலில் வருகிற சந்தேகம் அதுதான். தராசைச் சோதிக்க முத்திரை குத்திய எடைக்கல் மாதிரி, மனைவி மேஜை இழுப்பறையிலிருந்து, தட்டினால் எப்போதும் ஒரே சுருதியில் ஒலிக்கிற டியூனிங் ஃபோர்க்கை எடுத்து முழங்காலில் தட்டிக் கருவியிடம் காட்டினாள். முள் நடுவில் நின்று பச்சையாகச் சிரித்தது.

"மெஷின் யோக்கியன்தான்" என்றாள். "எல்லாக் கம்பியும் ஒரே பலகை மேலதான் பாரத்தைப் போடுது. இதை இறுக்கினா அது தளருது. நீங்க கடைசிக் கம்பியை இறுக்கும்போது முதல் கம்பி இறங்கிப் போச்சு."

"கூட்டுக் குடும்பம்னு சொல்லு."

அவர் உட்கார்ந்து யோசித்தார். சோப்பு காய்ச்சுகிறவர்கள் அவரிடம் தராசு வாங்குவார்கள். ஈரத்தில் வெட்டும்போது சரியாக இருக்கிற எடை, காய்ந்து கடைக்குப் போவதற்குள் குறைந்துவிடுகிறது என்று அவர்கள் தராசைக் குறை சொல்லும்போதெல்லாம் இவர் சொல்வது ஒன்றுதான்: குறையப் போவது தெரியும் அல்லவா, வெட்டும்போதே கொஞ்சம் கூட வெட்டுங்கள்.

"ஒவ்வொரு கம்பிக்கும் முறுக்கு ஒரு நூல் அளவு கூடக் கொடுத்தா என்ன?"

"கூடவா? நீங்களா?" அவள் நிஜமாகவே திரும்பிப் பார்த்தாள்.

"கொசுறு. இத்தனை நாள் வாங்கித்தான் பழக்கம். கொடுத்துப் பார்க்கிறேனே."

வெள்ளிக்கிழமையும் கடைக்குப் பூட்டு, அவளுக்கு லீவு. இந்த முறை முள் நடுவைத் தாண்டி வலப்பக்கம் ஒரு நூல் போகும்வரை முறுக்கினார். ரொம்பத் தாழ்ந்திருந்த கம்பிக்குக் கொஞ்சம் தாராளம், லேசாகத் தாழ்ந்திருந்ததற்குச் சிக்கனம். ஆணி ஒவ்வொரு முறை கிறீச்சிடும்போதும், கம்பி அறுந்து முகத்தில் அடிக்கப் போகிறது என்று அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் அறுந்துபோகவில்லை.

சனிக்கிழமை காலையில் தட்டிப் பார்த்தபோது, தட்டிய கட்டைக்கெல்லாம் முள் வலப்பக்கத்திலிருந்து இறங்கி வந்து நடுவை ஒட்டி நின்றது. பாதிவிலையார் கருவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆனால் அவளுக்குத் திருப்தியாகவில்லை. ஆப்புகளை எடுத்துவிட்டு மூன்று கம்பியையும் சேர்த்துக் கேட்டாள். "இது அலை அடிக்குது. மூணும் ஒண்ணா நிக்கல."

"பச்சை எரியுதே."

"முள்ளைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க. திருகுங்க... இன்னும்... போதும், நில்லுங்க!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், போதும் என்று அவள் சொன்ன இடத்தில் அவர் நின்றது அன்றுதான். அலை அடங்கியது. மூன்று கம்பியும் ஒரே கம்பியாகப் பாடியது.

இப்படியே ஒவ்வொன்றாகச் சரிக்கட்டிக்கொண்டு வலது கோடியின் கடைசிக் கட்டைக்கு வந்தார்கள். அங்கேதான் வம்பு. முறுக்கினால் முள் நடுவுக்கு வருகிறது, பச்சை எரிகிறது, சாவியை எடுத்ததும் சறுக்குமரத்தில் சறுக்குகிற குழந்தை மாதிரி இடப்பக்கம் வழிந்து போய்விடுகிறது. ஒரு நூல் கொடுத்தார், இரண்டு நூல் கொடுத்தார், அள்ளியே கொடுத்தார். ஆணி குழியில் பிடிமானமில்லாமல் இருக்கிறது; எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

மூத்தவள் உள்ளே வந்த வேகத்தில் காற்று வீசியது. பின்னால் சகலை, கையில் ஒரு கயிற்றுச் சுருளோடு.

"வாங்க அண்ணி, வாங்க சகலை. டீ குடிக்கலாம்."

"டீயெல்லாம் அப்புறம் மாப்பிள்ளை" என்று அவள் நேராகப் பியானோவிடம் போனாள். டீயும் பாலில்லாமல்தான் வந்தது. வியாழக்கிழமை அணைத்தபடியே கிடந்த ஃபிரிட்ஜுக்குள் பால் திரிந்து போயிருந்தது. சகலை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு இவர் காதோரம் குனிந்தார். "யோவ் பாதிவிலை, எப்படியாவது இதை இங்கேயே நிறுத்துய்யா. இது வந்தா ஜன்னலோரத்துல இருக்கிற என் சாய்வு நாற்காலி கொல்லைக்குப் போகுது. அதனாலதான் கயிறையே பாதியா வெட்டிட்டு வந்திருக்கேன்."

மூத்தவள் இடது கோடியிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு கட்டையாக, கடன்காரனை எழுப்புகிற மாதிரி அழுத்தித் தட்டினாள். இடப்பக்கத்துக் கட்டைகள் கணீரென்று ஒலித்தன. நடுப்பகுதிக்கு வந்தபோது அவள் புருவம் இறங்கியது. ஒரு இடத்தில் தட்டுவதை மறந்து, சின்ன வயசில் இரண்டு பேரும் சேர்ந்து வாசித்த எதையோ நாலு அடி வாசித்துவிட்டாள். பிறகு சுதாரித்துக்கொண்டு மேலே போனாள். கடைசிக் கட்டை.

டொக்கென்று தகரம் தட்டிய மாதிரி ஒரு சத்தம்.



"பார்த்தியாடி?" என்றாள் மூத்தவள். "ஒரே ஒரு கட்டைன்னு சொன்னேனா இல்லையா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். பாதிவிலையார் பேச வாயெடுத்தார். எண்பத்தெட்டில் ஒன்று, அதுவும் கோடி, யார் தொடுகிறார்கள் என்று நாக்கு நுனிவரை வந்த வார்த்தைகள், சுருதிக்காரரை விரட்டிய வார்த்தைகள்தான் என்பது நினைவுக்கு வந்தது. விழுங்கினார்.

"பேச்சு பேச்சுதான் அண்ணி" என்றார். "ஏத்துங்க."

மனைவி விருட்டென்று நிமிர்ந்தாள். சகலைக்குப் புரையேறியது. மூத்தவளுக்கே அது எதிர்பாராத விலை.

"நிஜமாவா சொல்றீங்க?"

"நிஜமாத்தான். நானே ஒரு பக்கம் தூக்குறேன். ஒண்ணு மட்டும் யோசிச்சுக்குங்க. இதைத் தூக்கி, வேன்ல ஏத்தி, குலுக்கி, உங்க வீட்டுல இறக்குறதுக்குள்ள இப்ப நிக்கிற கம்பியும் கொஞ்சம் ஆட்டம் கண்டுடும். புது ரூம், புதுக் காத்து, மாசத்துல எத்தனை கட்டை நிக்கும்னு யாரு கண்டா? ஒரே ஒரு கட்டை பிசகினாலும் அப்பா பேச்சுப்படி நான் வேன் எடுத்துட்டு வரணும். நீங்க மறுபடி வரணும். இது ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ரோட்டுலயே குடியிருக்கும்."

"கயிறு வேற பத்தாது" என்றார் சகலை, பொறுப்பாக.

மூத்தவள் இவரை மேலும் கீழும் பார்த்தாள். தோற்றுப்போன பேரத்தை விட, தன்னிடம் பேரம் நடந்திருக்கிறது என்பதே அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் சிரித்துவிட்டாள். "உங்களைத் தராசுல நிறுத்தினா முள்ளு நடுவுல நிக்கவே நிக்காது மாப்பிள்ளை."

"அக்கா, எனக்கு இது வேணும்" என்றாள் இளையவள், சுற்றிவளைக்காமல். "உனக்கும் வேணும்னு தெரியுது. அந்தப் பாட்டை ஏன் பாதியில விட்டே? நகர்ந்து உட்காரு."

மூத்தவள் ஒரு நிமிஷம் வீம்பாக நின்றாள். அப்புறம் ஸ்டூலில் பாதியை விட்டுக்கொடுத்து உட்கார்ந்தாள். நாலு கை கட்டைகளின் மேல் ஓடின. நடுவில் அங்கங்கே ஒரு அலை அடிக்கத்தான் செய்தது. சந்தோஷமாக இருக்கிற வீட்டில் அதை யார் கவனிக்கிறார்கள்?

வாசித்து முடித்ததும் தீர்ப்பு வந்தது. "இங்கேயே இருக்கட்டும். ஆனா மாசம் ஒரு தடவை வந்து வாசிப்பேன், சோதிப்பேன். அடுத்த தடவை அந்தக் கடைசிக் கட்டை சரியா இருக்கணும்."

சகலை கயிற்றுச் சுருளைப் பாதிவிலையார் கையில் கொடுத்து, "கொசுறா வச்சுக்க" என்றார்.

வேன் கிளம்பியதும் மனைவி போனை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். பியானோ மூடி திறந்தே இருந்தது.

அவர் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் சுருதிக்காரர்.

"ஐயா, கடைசிக் கட்டையில ஆணி நிக்க மாட்டேங்குது. வந்து பார்க்கணும். மத்ததையும் ஒரு கை பார்த்துடுங்க."

"ஒரு கட்டையா இருந்தாலும் வந்துட்டா எனக்கு முழுக்கூலிதான்."

"சரி."

"கறுப்புக்கும் அதே கூலிதான்."

"சரிங்க."



"யாருங்க பேசுறது?" என்றார் சுருதிக்காரர் கடைசியில், சந்தேகத்தோடு. "வீட்டுல முதலாளி இல்லீங்களா?"