பல் டாக்டர் வீட்டுத் தூங்குமூஞ்சி மரம்

மரங்கொத்தி என்பது அவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். மரத்தில் ஏறிக் கிளை கழிப்பதும், பட்டுப்போனதை அறுத்து இறக்குவதும் அவள் தொழில். முதலாளி என்று தலைக்கு மேல் யாரும் கிடையாது. வேலை நேரத்தில் அவள் தலைக்கு மேல் காக்கைகள் மட்டும்தான். கீழே நின்று கயிற்றைப் பிடிப்பது அவள் கணவன். வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் போனை எடுப்பதும் அவன்தான். மரத்தின் உச்சியில் ஒரு கையில் ரம்பத்தோடு தொங்குகிறவள் போன் பேச முடியுமா?

வினையே அங்குதான் ஆரம்பித்தது. கயிற்றைப் பிடித்தால் மலை மாதிரி நிற்கிற அந்த மனிதனுக்கு, போனில் ஒரு குரலைக் கேட்டால் முதுகெலும்பு காணாமல் போய்விடும். எங்கள் பூனை குட்டி போட்டிருக்கிறது, ரம்பம் சத்தம் போடாமல் அறுக்க வேண்டும் என்று ஒரு அம்மாள் சொன்னாள். “சரிங்க” என்றான். வெட்டின கிளை பிடிக்கவில்லை என்றால் திரும்ப ஒட்ட வைப்பீர்களா என்று ஒருவர் கேட்டார். “பாத்துடலாங்க” என்றான். அவன் கீழே கொடுத்த வாக்கையெல்லாம் அவள் மேலே போய்க் காப்பாற்ற வேண்டியிருந்தது.

பல் டாக்டர் வீட்டுக்குப் போன காலையில் அது உச்சத்துக்குப் போனது.

வீட்டின் முன்பக்க அறைதான் கிளினிக். வெளியே கூரை போட்ட இடத்தில் ஒரு நீள பெஞ்சு. அதில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர். கிளினிக்கின் மேல் குடை விரித்தாற்போல் ஒரு தூங்குமூஞ்சி மரம். வண்டியை நிறுத்தியதும் இரண்டு கதவுகள் ஒரே சமயத்தில் திறந்தன. கிளினிக் கதவிலிருந்து டாக்டர், முகமூடியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டபடி. வீட்டுக் கதவிலிருந்து அவர் மனைவி, கையில் டோக்கன் அட்டைகளோடு. நோயாளிகளுக்கு டோக்கன் கொடுப்பதிலிருந்து வாசல் கூட்டுவதுவரை அந்த வீட்டில் எல்லாம் அந்த அம்மாள்தான்.

“வாங்க வாங்க. நான்தான் போன் பண்ணியிருந்தேன்” என்றார் டாக்டர்.

“நீங்க எங்க பண்ணீங்க? நான்ல பண்ணேன்” என்றாள் அந்த அம்மாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் மரங்கொத்தியைப் பார்த்தார்கள்.

“காஞ்ச குச்சி மட்டும் எடுத்தா போதும்மா. பச்ச இலை ஒண்ணுகூட கீழ விழக் கூடாது. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். சரின்னுட்டார்” என்றார் டாக்டர்.

“அடியோட எடுத்துடணும்னு நான் சொல்லியிருந்தேன். அதுக்கும் சரின்னுட்டாரு.”

மரங்கொத்தி மெல்லத் திரும்பினாள். அவள் கணவன் சிக்கே இல்லாத கயிற்றில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தான்.

“ஏங்க.”

“ரெண்டு நம்பரும் வேற வேறயா இருந்துச்சு” என்றான் அவன், கயிற்றைப் பார்த்தபடியே.

வேறு வீடாக இருந்தால் அப்போதே வண்டியைத் திருப்பியிருப்பாள். ஆனால் கிளினிக் கூரைக்கு நேர் மேலே தொடை பருமனில் ஒரு கிளை பட்டை உரிந்து நின்றது. அடுத்த காற்றுக்கோ அதற்கடுத்த காற்றுக்கோ அது டாக்டரின் நாற்காலியில் வந்து உட்காரும். அதை விட்டுவிட்டுப் போனால் ராத்திரி தூக்கம் வராது. காய்ந்ததை எடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை அல்லவா, அதிலிருந்து தொடங்குவோம் என்று சொல்லிவிட்டு, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏறினாள்.

முதல் குச்சி கீழே விழுந்ததும் டாக்டர் ஓடி வந்தார். உள்ளே ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார்.

“அது காஞ்சதா? வளச்சுப் பாத்தீங்களா?”

“காஞ்சதுதான் டாக்டர்.”

“நுனியில பச்சையா ஏதோ தெரியுதே.”

“அது கிளி.”

கிளி பறந்தது. டாக்டர் உள்ளே போனார். மொட்டைமாடியில் அவர் மனைவி தோன்றினாள்.

“அந்தப் பெரிய கொம்ப எடும்மா. எங்க தண்ணித் தொட்டியில இலையா கொட்டுது. அது இல்ல, இடது பக்கம். உன் இடது இல்ல, என் இடது.”

ரம்பத்தை அங்கே கொண்டுபோனதும் டாக்டர் மறுபடி வாசலில். “அத தொடாதீங்க.” “எடும்மா.” “வேணாம்.” கீழே கணவன் இரண்டு பேருக்கும் முறை வைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். பெஞ்சில் இருந்தவர்கள் கன்னத்தை மறந்துவிட்டு மேலும் கீழும் பார்த்தார்கள். ஊசி போட்டு வாய் மரத்துப்போன லாரி டிரைவர் ஒருவர் மட்டும், “ழொம்ப நல்லாழுக்கு” என்று வாயின் பாதியால் ரசித்தார்.

மரங்கொத்தி இறங்கி வந்தாள். ரம்பத்தைத் தரையில் வைத்தாள்.

“டாக்டர், கூரைக்கு மேல இருக்கே, அந்தக் கிளை உள்ள பூரா சொத்தை. அது போயே ஆகணும். அதுக்கப்புறம் மரம் இருக்கணுமா வேணாமான்னு நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு வார்த்தையா சொல்லுங்க. நான் ஒரு ஆளு. என்கிட்ட இருக்கறது ஒரு ரம்பம்.”

“நீ மேல இருந்து பாக்கற, உனக்கு என்ன தெரியும்? கீழ இருந்து கூட்டிப் பாரு” என்றாள் அந்த அம்மாள்.

மரங்கொத்திக்குச் சுருக்கென்றது. “அப்ப நீங்க மேல வந்து பாருங்க, எது வேணாம்னு விரல வச்சுக் காட்டுங்க” என்றாள். கோபத்தில் வந்த பேச்சு. இப்படிச் சொன்னால் யாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்த அம்மாள் டோக்கன் அட்டைகளைக் கணவர் கையில் திணித்தாள். “இருங்க, ஷூ மாட்டிட்டு வரேன்.”

சுடிதாரும் நடைப்பயிற்சி ஷூவுமாக அவள் வந்து நின்றபோது பின்வாங்குகிற நிலையில் யாரும் இல்லை. மரங்கொத்தி முதலில் ஏறி, பெரிய கவட்டில் கப்பியைக் கட்டிக் கயிற்றைப் போட்டாள். அவள் கணவன் அந்த அம்மாளுக்கு பெல்ட் பூட்டி, ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்த்தான். கொஞ்சம் கனமான சரீரம்தான். லாரி டிரைவர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து கயிற்றின் பின்பக்கத்தைப் பிடித்தார். இன்னும் இரண்டு பல்வலிக்காரர்கள் அவர் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

“பல்லக் கடிச்சுக்கிட்டு இழுக்காதீங்க, இருக்கற பல்லும் ஆடிடும்” என்று டாக்டர் கத்தியதை யாரும் கேட்கவில்லை. அவர் மனைவி தரையை விட்டு எழும்பிவிட்டாள்.

பாதி தூரம் வரை “மெதுவா, மெதுவா” என்ற குரல் கேட்டது. கவட்டுக்கு வந்ததும் மரங்கொத்தி அவளை உட்கார வைத்துத் தண்டோடு சேர்த்துக் கட்டினாள்.

“பயமா இருக்காக்கா?”

“பேசாத. பாக்க விடு.”

அவள் பார்த்தாள். தினமும் துணி காயப்போடுகிற மாடி ஒரு கைக்குட்டை மாதிரி கிடந்தது. தெருவில் சைக்கிள்களும் குடைகளும் தலைகளுமாக ஊர்ந்தன. காற்று வந்தது. கிளை லேசாக ஆடியது. அந்த அம்மாளின் வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி மேலே வந்தது, சிரிப்பு. முதலில் குலுங்கினாள், அப்புறம் அடக்க மாட்டாமல் சிரித்தாள்.

“ஏங்க. இங்க இருந்து பாத்தா உங்க உச்சந்தலையில வட்டமா வழுக்கை விழுந்திருக்குங்க. இந்தப் பக்க முடிய எடுத்து அந்தப் பக்கம் போட்டு மூடறீங்களா?”

டாக்டர் சட்டென்று தலையில் கை வைத்தார். பெஞ்சு முழுதும் சிரித்தது. வாய் கட்டுப்போட்டவர்கள் மூக்கால் சிரித்தார்கள்.

“சரி, பாத்தது போதும், எதை எடுக்கணும்னு காட்டுங்கக்கா” என்றாள் மரங்கொத்தி.

அந்த அம்மாள் சுற்றிலும் பார்த்தாள். ஒவ்வொரு கிளையாகப் பார்த்தாள். “இதையா எடுக்கச் சொன்னேன்? இது மேலதான கால வச்சிருக்கேன். அதுவும் வேணாம். அது போயிட்டா வெயில் மூஞ்சியில அடிக்கும்.” கடைசியில் பட்டுப்போன அந்த ஒன்றை மட்டும் காட்டிவிட்டு, “எனக்கு ஒரு டீ அனுப்பச் சொல்லு” என்றாள்.

டீ வாளியில் போனது. “இறங்கு, டோக்கன் குடுக்க ஆளில்ல” என்று டாக்டர் கெஞ்சினார். “நீங்களே குடுங்க” என்று பதில் வந்தது. டீ குடித்து முடித்தும் அவள் இறங்கவில்லை. மேலே இரண்டு பெண்களும் ஏதோ பேசுவதும் விழுந்து விழுந்து சிரிப்பதும் கேட்டது. டாக்டருக்குப் பொறுக்கவில்லை. பத்து வருடமாக இந்த மரத்துக்காக வாதாடுகிறவர் அவர். மரத்தில் உட்கார்ந்து டீ குடிப்பது யாரோ.

“எனக்கும் ஒரு பெல்ட் குடுங்க” என்றார்.

“சரிங்க” என்றான் மரங்கொத்தியின் கணவன். வேறென்ன சொல்வான்? தன்னுடைய பெல்ட்டைக் கழற்றிக் கட்டிவிட்டான்.

டாக்டர் எலும்பும் தோலுமான ஆள். சும்மா பலூன் மாதிரிப் போனார். மாடி உயரம் வந்ததும் கீழே பார்த்தார். அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த கிளையை இரண்டு கையாலும் இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டார். மேலே இழுத்தாலும் வரவில்லை. கீழே விட்டாலும் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

“டாக்டர், கைய விடுங்க. கயிறு புடிச்சுக்கும்.”

“இந்த மரம் வேணாம்” என்றார் டாக்டர், கிளையோடு வாயை ஒட்டிக்கொண்டு. “அடியோட எடுத்துடுங்க.”

“யாரு எடுக்கறது? ஒரு இலை கீழ விழக் கூடாது” என்று மேலிருந்து அவர் மனைவி அதட்டினாள்.

கீழே நின்றவன் பழக்கதோஷத்தில் இரண்டுக்கும் தலையாட்டினான். மேலிருந்து அதைப் பார்த்த மரங்கொத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே தன் கயிற்றில் வழுக்கி இறங்கி டாக்டருக்கு எதிரில் வந்து நின்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவர் உள்ளே நோயாளிகளிடம் பேசுவதை ஜன்னல் வழியாகக் கேட்டிருந்தாளே, அதே குரலில் பேசினாள்.

“வாயால மெதுவா மூச்சு விடுங்க. லேசா அழுத்தற மாதிரி இருக்கும். வலிக்கவே வலிக்காது. அஞ்சே நிமிஷம்.”

டாக்டர் ஒரு கண்ணைத் திறந்தார். எதிரே ஒரு முழம் தள்ளி, அடக்க முடியாமல் சிரித்துவிட்ட வாய்.

“வலது பக்கம் கீழ, கடைவாய்ப் பல்லுல சொத்தை இருக்கு” என்றார்.

மரங்கொத்தி வாயை மூடினாள்.

“மூடாதீங்க. திறங்க. எவ்வளவு நாளா இருக்கு?”

“கொஞ்ச நாளா.”

“சூடா குடிச்சா கூசுதா? இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துல திரும்புங்க.” அவர் ஒரு கையை எடுத்து அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினார். நன்றாகத் தெரியவில்லை. இன்னொரு கையையும் எடுத்தார். மரங்கொத்தி கீழே சைகை காட்டினாள். கயிறு மெல்ல இளகியது. அவள் இறங்க இறங்க, வாயைத் திறந்தபடி அவளும், உள்ளே எட்டிப் பார்த்தபடி அவருமாக, இரண்டு பேரும் ஒன்றாகத் தரைக்கு வந்து சேர்ந்தார்கள். கால் மண்ணில் பட்டதும்தான் டாக்டருக்குத் தான் எங்கே இருந்தோம் என்பது ஞாபகம் வந்தது. பெஞ்சில் போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

அதன் பிறகு வேலை வழுக்கிக்கொண்டு போனது. அந்த அம்மாளை இறக்குவதற்குத்தான் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. பட்டுப்போன கிளையைத் துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்கினார்கள். உள்ளே நிஜமாகவே கூடாக இருந்தது. டாக்டர் விரலை விட்டுப் பார்த்து, “இத அடைச்சிருக்கவும் முடியாது” என்று ஒப்புக்கொண்டார். தொட்டிக்கு மேல் சாய்ந்திருந்த நாலு சிறு கொம்புகளைக் கழிக்க இருவருமே சம்மதித்தார்கள். மரம் நின்றது. தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு மூடி வாங்கினால் போதும் என்று பெஞ்சில் யாரோ சொன்னார்கள். அதை ஏன் இத்தனை காலம் யாரும் யோசிக்கவில்லை என்று வீட்டுக்காரர்கள் இருவரும் சேர்ந்து வியந்தார்கள்.

சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது டாக்டர் வாசலில் நின்று விரலை அசைத்தார். “நாற்காலி காலியா இருக்கு. வாங்க.”

அத்தனை உயரத்தில் ஒற்றைக் கயிற்றில் தொங்குகிறவள், திறந்த கதவு வழியே அந்தச் சாய்ந்த நாற்காலியைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள். “இன்னொரு நாளைக்கு வரேன் டாக்டர், வேலை இருக்கு” என்று வண்டியில் ஏறப் போனவளை அந்த அம்மாள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

“நான் மேல வரல? நீ உள்ள வா.”

உள்ளே போனாள். நாற்காலியின் இரண்டு கைகளையும் அவள் பிடித்த பிடியில் அது முனகியது. ஊசி போட்டார்கள். குடைந்தார்கள். அடைத்தார்கள். அந்த அம்மாள் தலைமாட்டில் நின்று, “இன்னும் கொஞ்சம் இடது பக்கம். உங்க இடது இல்லங்க, அவ இடது” என்று கணவருக்கு வழி சொன்னாள்.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. மரத்தின் இலைகள் ஜோடி ஜோடியாகக் கூம்பத் தொடங்கியிருந்தன. வண்டி தெருமுனை திரும்பியதும் அவள் கணவனைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். காலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் இப்போது கேட்டுவிடப் போகிறாள்.

“நீங்க எதுக்கு ழெண்டு பேழுக்கும்...”

தன் குரல் தனக்கே கேட்டது. கணவன் உதட்டைக் கடித்துக்கொண்டு சாலையையே பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. “சிழிக்காதீங்க” என்றாள். அவன் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவளும் சிரித்தாள், வாயின் பாதியால், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துவிட்டு, சுற்றிக்கொண்டு போயிற்று.